மீட்ட சதுப்புநிலத்தில் ஆண்டுதோறும் மீன் எண்ண வேண்டுமா?

நீர்க்காகம்:
தூர்வாரி, கரையைப் பலப்படுத்தித் தண்ணீரையும் நிறுத்தியாகிவிட்டது. கொக்கும் நாரையும் வருகின்றன. இதற்குப் பிறகும் ஆண்டுதோறும் வலைபோட்டு மீன் எண்ணுவதும் செடி அளப்பதும் வீண் செலவு. மீன் இல்லாமலா பறவை வரும்? அந்தப் பணத்தில் இன்னொரு நீர்நிலையை மீட்கலாம்.

அல்லி:
மீன் இருக்கிறது, சரி. என்ன மீன்? அயல் மீனான திலாப்பியா மட்டுமே பெருகிய குளத்துக்கும் கொக்கு வரும். விரால் மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும், அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் பிழைத்துக்கொள்ளும். வலையில் விரால் மட்டுமே ஏறினால் அது நல்ல செய்தி இல்லை. செவுளை மட்டுமே நம்பியிருக்கும் சிறு மீன்கள் இருக்கின்றனவா, குஞ்சுகள் தெரிகின்றனவா என்று பார்க்க வேண்டும். பறவை இதைச் சொல்லாது.

நீர்க்காகம்:
செடிக்காவது செயற்கைக்கோள் படம் போதாதா?

அல்லி:
போதாது. ஆகாயத்தாமரையும் அதில் பச்சையாகத்தான் தெரியும். சூழல் வாய்த்தால் அது இரண்டே வாரத்தில் இரட்டிப்பாகிவிடும். அது மூடிய இடத்தில் வெளிச்சம் இறங்காது, நீருக்குள் வளரும் செடிகள் சாகும். சேற்றைப் பிடித்து வைப்பதும் குஞ்சுகளுக்கு மறைவிடம் தருவதும் அந்தச் செடிகள்தான். அவை போனால் தண்ணீர் கலங்கும். கலங்கிய தண்ணீரில் அவை மறுபடி முளைப்பதும் கடினம். இந்தச் சுழலில் சிக்கிய பிறகு மீட்பதற்கு ஆகும் செலவோடு பார்த்தால் கண்காணிப்புச் செலவு சிறிது. தண்ணீரின் தெளிவை அளக்க, 20 செ.மீ. அகலமுள்ள கறுப்பு வெள்ளைத் தட்டை இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பார்த்தால் போதும். 1865-இல் செக்கி என்ற இத்தாலியர் தொடங்கிய முறை அது.

துடுப்பு:
செவுள் வலையில் மாட்டும் மீன்களில் பல செத்துப்போகின்றன, அதுவும் கண்ணி அளவுக்கு ஏற்ற மீன்தான் சிக்கும். மீன்கள் உதிர்த்து ஒரு குவளைத் தண்ணீரில் கலந்திருக்கும் டிஎன்ஏவைச் சோதித்தாலே எந்தெந்த இனம் இருக்கிறது என்று தெரிந்துவிடுமே.

அல்லி:
அயல் மீன் நுழைந்ததா என்று அறிய அது அருமையான வழி. ஆனால் எத்தனை, என்ன அளவு, குஞ்சா தாயா என்று அது சொல்லாது. மாலையில் பறி என்ற மீன்பிடி கூடையை வைத்து, காலையில் அளந்து உயிரோடு விடலாம். உள்ளே சிக்கிய மீன் மேலே வந்து சுவாசிக்கப் பறியின் மேல்பகுதி நீருக்கு வெளியே இருக்கட்டும். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகவும் குறையும்.

நீர்க்காகம்:
செடி விஷயத்தை ஏற்கிறேன். மீனை மூன்றாண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்பதில் மாற்றமில்லை.

அல்லி:
பழைய நீர்நிலைக்கு அது சரியாக இருக்கலாம். புதிதாக மீட்ட இடத்தில் முதல் சில ஆண்டுகளில்தான் எல்லாம் வேகமாக மாறும். யாரோ கொண்டுவந்து விட்ட கெண்டை அதற்குள் அடிச்சேற்றைக் கிளறிச் செடியை அழித்துவிடும். ஆண்டுக்கு ஒருமுறை, அதே பருவத்தில், அதே இடங்களில். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.