ஸ்கேன் டோஸ் பக்கத்தில் இருக்கும் 6 மில்லிகிரே, பையனின் கல்லீரலுக்குப் போன அளவா?

மகிழ்_அப்பா
ஏழு வயசுப் பையன், சைக்கிளோடு விழுந்ததில் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது, வயிற்றுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் சின்னக் கிழிசல், ஆபரேஷன் இல்லாமலே ஆறிவிட்டது, இப்போது ஓடியாடி விளையாடுகிறான். நேற்று ஸ்கேன் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தபோது ஒரு பக்கத்தில் சி.டி.டி.ஐ.வால் 6 மில்லிகிரே, ஓரத்தில் 32 செ.மீ. என்று இருந்தது. அந்த 6 தான் அவன் கல்லீரலுக்குப் போனதா? கணினியில் மனித உடல் செய்து உறுப்பு உறுப்பாகக் கணக்கிடுகிறார்கள் என்று படித்தேன், அது எப்படி? தைராய்டையும் எலும்பு மஜ்ஜையையும் நினைத்தால்தான் மனசு அடித்துக்கொள்கிறது. வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

கதிரளவி (மருத்துவ இயற்பியல்)
அந்த 6 உங்கள் பையனுடையது இல்லை சார். 32 செ.மீ. விட்டமுள்ள ஓர் அக்ரிலிக் உருளையினுடையது. உருளையில் துளை போட்டு, அதற்குள் அளவுமானியை வைத்து அளப்பார்கள். அதே செட்டிங்கில் அந்த உருளைக்கு எவ்வளவு போகும் என்பதைத்தான் மெஷின் காட்டுகிறது. குழந்தையின் வயிறு அதைவிட ஒல்லி, கதிரைத் தடுக்கச் சதை குறைவு, அதனால் உள்ளே நிஜமாகச் சேர்வது 6ஐ விட அதிகம். படத்தில் கல்லீரல் தெரியும் இடத்தில் வயிற்றின் அகலத்தையும், முன்னிருந்து பின் உள்ள தடிமனையும் அளந்து சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.

இப்போது கணினி உடல். எங்கள் பேச்சில் இதற்கு ஃபான்டம் என்று பெயர். எக்ஸ்ரே குழாயிலிருந்து ஒரு ஃபோட்டானை, அதாவது எக்ஸ்ரேயின் ஒரு துகளை, விடுகிறோம், அது எங்கே மோதும், எந்தப் பக்கம் திரும்பும், எங்கே உறிஞ்சப்படும் என்பதை இயற்பியல் தரும் நிகழ்தகவின்படி தாயக்கட்டை உருட்டுவதுபோல் கணினி தீர்மானிக்கும். இப்படிக் கோடிக்கணக்கில் விட்டு, கல்லீரலில் தங்கிய ஆற்றலைக் கூட்டி, கல்லீரலின் எடையால் வகுத்தால் அதுதான் டோஸ். கிலோவுக்கு ஒரு ஜூல் என்றால் ஒரு கிரே, அதில் ஆயிரத்தில் ஒன்று மில்லிகிரே. இந்த முறைக்குத்தான் மான்டே கார்லோ என்று பெயர்.

உடலைச் செய்வதுதான் பெரிய பாடு. 1960களில் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் ஸ்னைடரும் ஃபிஷரும் உருளை, கூம்பு, முட்டை வடிவங்களைச் சமன்பாடாக எழுதி ஒரு மனிதனைச் செய்தார்கள். 1987இல் கிறிஸ்டியும் எக்கர்மேனும் அதைப் பிறந்த குழந்தையிலிருந்து பெரியவர் வரை ஒரு குடும்பமாகவே ஆக்கினார்கள். பிறகு நிஜ மனிதர்களின் ஸ்கேன் படங்களைச் சின்னச் சின்னக் கட்டங்களாக்கும் வழி வந்தது. சர்வதேச கதிர்ப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் வெளியிட்ட ஆண் உடல் 176 செ.மீ., 73 கிலோ. குழந்தைகளுக்கான அதன் கட்ட உடல்கள் 2020இல்தான் வந்தன: பிறந்த குழந்தை, 1, 5, 10, 15 வயது, ஒவ்வொன்றிலும் ஆண் பெண். உங்கள் பையனுக்கு ஏழு. அவனுக்கென்று நேரடியாக ஓர் உடல் அந்த வரிசையில் இல்லை. 5க்கும் 10க்கும் கணக்கிட்டு இடையில் பிடிக்க வேண்டும், அல்லது உயரம் எடைப்படி செய்து வைத்திருக்கும் வேறு தொகுப்புகளிலிருந்து நெருங்கிய ஒன்றை எடுக்க வேண்டும். எப்படியானாலும் வரும் எண் அவனைப் போன்ற ஓர் உடலுக்கானது, அவனுக்கே ஆனது அல்ல. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த எண்ணை எடுத்து இணையத்தில் ஏதோ ஒரு புற்றுநோய் சதவீதத்தால் பெருக்கிப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கும் பெற்றோர்களை நிறையப் பார்க்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

நுண்கட்டம்
மஜ்ஜையைப் பற்றி நான் சொல்கிறேன், என் ஆய்வே அதில்தான். அது ஓர் இடத்தில் இருக்கும் உறுப்பு இல்லை, எலும்புக்குள் மில்லிமீட்டருக்கும் குறைவான குழிகளில் பரவிக் கிடக்கிறது. மேலே சொன்ன ஆண் உடலில் ஒரு கட்டம் 2.137 மி.மீ. அகலம், 8 மி.மீ. உயரம், அதற்கு இந்தக் குழி எங்கே தெரியும்? அதனால் எலும்பும் மஜ்ஜையும் கலந்த ஒரு பொருளாக வைத்து, மஜ்ஜைக்கான பங்கைத் தனியாகத் திருத்திக் கணக்கிடுகிறோம். உங்களுக்கு வேண்டியது இதுதான்: குழந்தைகளுக்கு மண்டையோட்டிலும் கை கால்களிலும் ரத்தம் உண்டாக்கும் சிவப்பு மஜ்ஜையின் பங்கு பெரியவர்களைவிட அதிகம். வயிற்று ஸ்கேனில் நேரடியாகக் கதிர் பட்டது கீழ் முதுகெலும்பு, கீழ் விலா, இடுப்பெலும்பு இவற்றில் இருப்பது மட்டும். உடல் முழுவதற்குமான மஜ்ஜை சராசரி, கல்லீரலின் அளவைவிடக் குறைவாகவே வரும்.

ஸ்கேன்_ரூம்
நான் ரேடியோகிராஃபர். வயிறு மட்டும் எடுத்திருந்தால் தைராய்டு கதிர் வீச்சுக்கு வெளியே இருக்கும், உள்ளே சிதறி மேலே வருவது மட்டும்தான் அதற்குப் போகும், அது சொற்பம். ஒன்று பாருங்கள் அண்ணா, அந்தப் பக்கத்தில் எத்தனை வரி இருக்கிறது? கான்ட்ராஸ்டுக்கு (படம் தெளிவாகத் தெரிய ஏற்றும் மருந்து) முன்னும் பின்னும் என்று இரண்டு தடவை எடுத்திருந்தால் இரண்டையும் கூட்ட வேண்டும். அப்புறம், அந்தப் பக்கத்தை பிரிண்ட் எடுத்து ஃபைலில் வையுங்கள். அடுத்த செக்கப்புக்கு அல்ட்ராசவுண்ட் போதுமா என்று டாக்டரிடம் கேளுங்கள், அதில் கதிரே கிடையாது.

மகிழ்_அப்பா
ஒரே வரிதான் தம்பி, கான்ட்ராஸ்ட் போட்டு ஒரு தடவைதான். அகலம் 21 செ.மீ., தடிமன் 15.5. ராத்திரி வீட்டில் சொல்லிவிட்டேன்.

கதிரளவி
நல்லது. இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 18 செ.மீ. அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் உருளையின் அளவை உடல் பருமனுக்கேற்பத் திருத்த 2011இல் தந்த அட்டவணையில் 18க்குப் பெருக்க வேண்டிய எண் ஏறக்குறைய 1.9. ஆக 6 என்பது 11.5 மில்லிகிரே அளவுக்கு வருகிறது. கல்லீரல் முழுவதும் கதிருக்குள் இருந்ததால் அதற்கும் கிட்டத்தட்ட இதையே சொல்லலாம், சற்று முன்னே பின்னே இருக்கும். தைராய்டுக்கு இந்தக் குறுக்குவழி செல்லாது, அதற்குக் கணினி உடல்தான் வேண்டும். ஸ்கேன் எந்த இடத்தில் தொடங்கி எங்கே முடிந்தது என்று டிஸ்க்கிலேயே இருக்கும், அதையும் அவன் உயரம், எடையையும் எழுதுங்கள், 5 வயது, 10 வயது இரண்டு உடல்களிலும் ஓட்டிப் பார்த்துச் சொல்கிறேன்.