பள்ளிக் கட்டடத்துக்கு மக்கள் ஓட்டுப் போட்டு வாங்கும் கடன்: 'வரியீட்டுக் கடன்' சரிவருமா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

பாப்பிரெட்டிப்பட்டி டீச்சரம்மா ஒரே ஒரு சொல் கேட்டார். இழை இப்போது ஈழம், ஓசூர், பத்திரப் பதிவு அலுவலகம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் அவர் மகள் இருக்கும் ஊரில் பழைய அரசுப் பள்ளிகளை இடித்துக் கட்ட வேண்டுமாம். கையில் பணம் இல்லை. பள்ளி நிர்வாகம் மக்களிடம் ஓட்டுக்கு விடுகிறது. ஓட்டு ஜெயித்தால் சந்தையில் பாண்டு, அதாவது வட்டியோடு திருப்பித் தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கும் கடன் சீட்டு, விற்றுப் பணம் திரட்டும். வீடு, கடை, நிலம் வைத்திருப்பவர்கள் சொத்து வரியோடு சேர்த்து இருபது முப்பது வருஷம் அதை அடைப்பார்கள். ஆசிரியர்களுக்கான ஓர் இதழுக்கு டீச்சரம்மா இதைப் பற்றி எழுதுகிறார். இந்த ஏற்பாட்டுக்கு ஒரு தமிழ்ப் பெயர் வேண்டும்.

கூட்டுறவுக் கடன் சங்கத்தில் குப்பை கொட்டியவன் என்ற முறையில் என் பங்குக்கு.

> பள்ளிப் பத்திரம் என்றாலே போதுமே? தங்கப் பத்திரம், தேர்தல் பத்திரம் எல்லாம் புழக்கத்துக்கு வந்துவிட்டதே.

வந்துவிட்டது, உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் பத்திரம் என்றால் சார்பதிவாளர் ஆபீஸ். கிரையப் பத்திரம், தானப் பத்திரம், பாகப் பத்திரம். அரூர் பஸ் ஸ்டாண்டில் நின்று 'பள்ளிப் பத்திரம் போடப் போறாங்க' என்று சொல்லிப் பாருங்கள். பள்ளிக்கூடத்து இடத்தை எவனோ எழுதி வாங்கப் போகிறான் என்று அரை மணி நேரத்தில் கூட்டம் கூடிவிடும். இன்னொன்று, தேர்தல் பத்திரம் கடனே கிடையாது. அது நன்கொடை, கொடுத்தவருக்கு யாரும் ஒரு பைசா திருப்பித் தர வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொன்ன பிறகு அந்தச் சொல்லுக்கே ஒரு வாடை ஒட்டிக்கொண்டது. கடன் பத்திரமும் பத்திரம், நன்கொடைச் சீட்டும் பத்திரம் என்றால், படிக்கிறவருக்கு யார் யாருக்குத் தர வேண்டும் என்பது எப்படிப் புரியும்?

'பத்திர வெளியீடு' என்று எழுதியிருந்தவருக்கும் இதே பதில்தான். கூடவே ஒரு சந்தேகம்: வெளியீடு என்றதும் மேடை, பொன்னாடை, முதல் பிரதியைப் பெற்றுக்கொள்பவர் எல்லாம் எனக்கு மட்டும்தான் ஞாபகத்துக்கு வருகிறதா?

> இலங்கையில் முறி, பிணைமுறி என்கிறோம். திறைசேரி முறி என்று பேப்பரில் தினமும் வருகிறது. புதுச்சொல் எதற்கு?

யாழ்ப்பாணத்து ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முறி நல்ல பழஞ்சொல். எழுதிக்கொடுத்த ஓலைக்கு முறி என்ற பொருள் அகராதியிலேயே உண்டு. அங்கே அது உயிரோடு இருக்கிறது. யாரும் கைவைக்க வேண்டாம். ஆனால் பாலக்கோட்டிலும் பென்னாகரத்திலும் முறி என்றால் எலும்பு முறிவு, உறவு முறிவு. பிணை என்றால் ஜாமீன். இரண்டையும் சேர்த்துப் பள்ளிக்கூடத்தின் தலையில் வைத்தால் தலைமையாசிரியரைக் கைது செய்துவிட்டார்களா என்று கேட்பார்கள். நம் குழுவின் சொற்பட்டியலில் 'இலங்கை வழக்கு: முறி' என்று தனி வரியாகக் கட்டாயம் போடுவோம்.

> ஊர்க்கடன். ஊரே சேர்ந்து வாங்குது, ஊரே சேர்ந்து அடைக்குது. இதைவிட எளிமையா சொல்ல முடியுமா?

ஓசூர்த் தம்பி இதை எழுதியபோது முடிந்தது வேலை என்றே நினைத்தேன். காதுக்கு இதம், நாக்குக்கும் சுலபம். அடுத்த நாள் டீச்சரம்மா எழுதிய பதிலைப் பலர் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள், அதனால் அப்படியே எடுத்துப் போடுகிறேன்:

> எங்க பக்கம் ஊர் வேற, காலனி வேற. மாரியம்மன் பண்டிகைக்கு ஊர் வரி போடும்போது யாரைச் சேர்க்கிறாங்க, யாரை விடுறாங்கன்னு உங்களுக்கே தெரியும். எங்க ஸ்கூல்ல காலனிப் பிள்ளைங்கதான் பாதிக்கு மேல. அவங்க படிக்கிற கட்டடத்துக்கு வாங்குற கடனுக்கு ஊர்க்கடன்னு பேர் வைக்க எனக்கு மனசு வரல.

இதற்கு மேல் ஊர்க்கடனுக்காக வாதாட என்னிடம் ஒன்றும் இல்லை. அரசுப் பள்ளி என்பதே ஊருக்கும் காலனிக்கும் பொதுவான ஒரே சுவர் என்று பல கிராமங்களில் இருக்கும்போது, அந்தச் சுவருக்கு வாங்கும் கடனின் பெயரில் பிரிவினை வேண்டாம். பொதுக்கடன் என்று மாற்றலாமா என்றால், அது அரசாங்கத்தின் மொத்தக் கடனுக்கு ஏற்கெனவே பட்டா போட்டாகிவிட்டது.

இப்போது என் கட்சி. நாம் பாண்டு என்கிற காகிதத்துக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். ஓட்டுப் போடுகிறவர் காகிதத்துக்கா ஓட்டுப் போடுகிறார்? 5,000 டாலர் முகமதிப்பில் அந்தக் காகிதத்தை வாங்கி வைத்துக்கொள்பவர் வேறு எங்கேயோ இருக்கும் முதலீட்டாளர். அவருக்கு அது வருமானம். அந்த வட்டிக்கு அங்கே மத்திய அரசின் வருமான வரிகூடப் பொதுவாகக் கிடையாது. ஓட்டுப் போடுகிறவருக்கு அது கடன், அதோடு வரி. பெயர் அவர் பக்கம் நின்று வைக்கப்பட வேண்டும். கடன், வரி என்ற இரண்டு சொல்லும் பெயரிலேயே வெளிப்படையாகத் தெரிய வேண்டும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நம் ஆட்சித் தமிழுக்குக் கடனை 'நிதி' என்று சொல்லி மறைக்கும் பழக்கம் ரொம்ப நாளாக இருக்கிறது. நம் மாவட்டத்து மேல்நிலைப் பள்ளி எதற்குள்ளாவது போய்ப் பாருங்கள். கூடுதல் வகுப்பறைக் கட்டடத்தின் நெற்றியில் 'நபார்டு நிதி உதவியுடன்' என்று பெயிண்டில் எழுதி, ஆண்டும் மதிப்பீட்டுத் தொகையும் போட்டிருப்பார்கள். படிக்கிற பிள்ளைக்கு நபார்டு என்பவர் யாரோ ஒரு வள்ளல். உண்மையில் நபார்டு ஊரக வளர்ச்சிக்கான ஒரு வங்கி. 1995-96-ல் அதில் தொடங்கிய ஊரக உள்கட்டமைப்பு நிதியிலிருந்து மாநில அரசு வாங்கிய கடன் அது. வட்டியோடு திருப்பிக் கட்டுகிறோம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமும் அப்படித்தான். ஃபுளோரைடு தண்ணீரைக் குடித்துப் பல்லில் கறை விழுந்த தலைமுறைக்கு 2013-ல் குழாயில் காவிரி வந்தது பெரிய விஷயம், மறுப்பதற்கில்லை. 'ஜப்பான்காரன் போட்டுக் குடுத்தான்' என்றுதான் இன்றும் சொல்கிறார்கள். அவன் கொடுத்தது கடன்.

இந்த விஷயத்தில் டெக்சாஸ்காரர்கள் கறாராக இருக்கிறார்கள். 2019-ல் வந்த சட்டப்படி, பள்ளிக் கடனுக்கு ஓட்டுக் கேட்கும் ஒவ்வொரு வாக்குச்சீட்டிலும் 'இது சொத்து வரி உயர்வு' என்று அச்சிட்டே ஆக வேண்டும். வரி விகிதம் ஏறாத சமயத்திலும் அந்த வாசகம் இருக்கும். பள்ளிக்காரர்களுக்கு இதில் ஏகப்பட்ட வருத்தம். மக்களை மிரட்டி 'வேண்டாம்' என்று குத்த வைக்கும் வேலை என்கிறார்கள். அந்த வருத்தத்திலும் நியாயம் இருக்கலாம். எனக்கு ஒளிக்கிற சொல்லைவிட மிரட்டுகிற சொல் மேல்.

ஆகவே என் முன்மொழிவு: வரியீட்டுக் கடன்.

ஈடு என்பதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சங்கத்தில் நகையீட்டுக் கடன் என்றுதான் பதிவேட்டிலேயே இருக்கும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் பொருளீட்டுக் கடன். ராகியோ நிலக்கடலையோ விலை இறங்கிக் கிடக்கும்போது விவசாயி மூட்டையை விற்காமல் கிடங்கில் அடுக்குவார், எடை போட்டு ரசீது வாங்குவார், மதிப்பில் ஒரு பகுதியைக் கடனாகப் பெற்றுக்கொண்டு விலை ஏறும்வரை பொறுப்பார். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கும் அங்கே ஈடு எது, கடன் எது என்று தெரியும். நகையை வைத்தால் நகையீடு, மூட்டையை வைத்தால் பொருளீடு, இனி வரப்போகும் வரியை வைத்தால் வரியீடு.

> ஈடுன்னா வீட்டையே அடமானம் வெச்ச மாதிரி பயந்துக்க மாட்டாங்களா?

காரிமங்கலம் அண்ணன் கேட்டது முக்கியமான கேள்வி. ஈடாகப் போவது வீடு அல்ல, வரி போடும் அதிகாரம். கடன் அடையும்வரை ஆண்டுதோறும் வேண்டிய அளவுக்கு வரி போட்டு வசூலித்துத் தருகிறோம் என்று பள்ளி நிர்வாகம் உறுதி எழுதிக் கொடுக்கிறது. பள்ளிக் கட்டடத்தையும் யாரும் ஜப்தி செய்ய முடியாது. வீட்டீடு என்று சொன்னால்தான் தப்பு.

கணக்கு எப்படி என்றால்: கலிபோர்னியாவில் 1978-ல் மக்களே ஓட்டுப் போட்டுச் சொத்து வரியை மதிப்பில் ஒரு சதவீதத்துக்குள் கட்டிப்போட்டுவிட்டார்கள். பள்ளிக் கடனுக்கான வரி அந்த ஒரு சதவீதத்துக்கு மேல் தனியாக வரும். முன்பு அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்; 2000-ல் அதை 55 சதவீதமாகத் தளர்த்தினார்கள். சும்மா தளர்த்தவில்லை. எந்தெந்த வேலைக்குப் பணம் என்று முன்கூட்டியே பட்டியல் தர வேண்டும், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொடக்கூடாது, ஆண்டுதோறும் தணிக்கை, உள்ளூர் மக்கள் அடங்கிய கண்காணிப்புக் குழு. வரிக்கும் உச்சவரம்பு உண்டு: தொடக்கப் பள்ளி முதல் மேல்நிலை வரை சேர்த்து நடத்தும் நிர்வாகமாக இருந்தால், ஓட்டுக்கு விடும் ஒரு கடனுக்கு, ஒரு லட்சம் டாலர் மதிப்புக்கு ஆண்டுக்கு 60 டாலருக்கு மேல் போகக்கூடாது. ஐந்து லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்காரருக்கு அதிகபட்சம் 300 டாலர். டீச்சரம்மா கட்டுரையில் இதை அவசியம் எழுதுங்கள்.

நம் வீட்டு வரி ரசீதில் நூலக வரி என்று ஒரு தனி வரி பார்த்திருப்பீர்கள். வீட்டு வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. வாசகருக்கு விளக்க அந்த ஒரு வரியைக் காட்டினால் போதும். அதே மாதிரி 'பள்ளிக் கடன் வரி' என்று இன்னொரு வரி.

கடன் எப்படி எழுதப்படுகிறது என்பதிலும் சூது உண்டு. சான் டியாகோ பக்கத்துப் போவே பள்ளி நிர்வாகம் 2011-ல் சுமார் 10.5 கோடி டாலர் வாங்கியது. முதல் இருபது வருஷம் ஒன்றும் கட்ட வேண்டாம் என்று ஏற்பாடு. வட்டி முதலோடு சேர்ந்து சேர்ந்து, நாற்பது வருஷ முடிவில் கட்ட வேண்டியது கிட்டத்தட்ட 100 கோடி டாலர். இன்று வரி கூடாது என்பதற்காகப் பேரப்பிள்ளைகள் தலையில் எழுதிவிட்டார்கள். ஊரே சிரித்த பிறகு 2013-ல் அந்த மாநிலம் சட்டம் போட்டு, மொத்தமாகத் திருப்பிக் கட்டுவது வாங்கியதைப்போல் நான்கு மடங்குக்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்தது. இந்த வகைக்கு ஒரு தனிப்பெயர் கட்டாயம் வேண்டும். 'வட்டிதேங்கு கடன்' என்று போட்டிருக்கிறேன். ஓசூர்த் தம்பி 'குட்டிபோடும் கடன்' என்கிறான். அவன் சொல்தான் நிற்கும் என்று தோன்றுகிறது; இதழாசிரியர் விடுவாரா என்பது வேறு.

> நம்ம ஒன்றியம் இப்படிக் கடன் வாங்க முடியுமா?

ஊராட்சி ஒன்றியம் தன் கூரைக்கு ஓடு மாற்றவே மாநில அரசின் கையை எதிர்பார்க்கிறது. அதன் பெயரில் பாண்டு யார் வாங்குவார்? நம் நாட்டில் நகராட்சி மாநகராட்சிகள்தான் இந்த வழியில் போயிருக்கின்றன. 1997-ல் பெங்களூரு, 1998-ல் ஆமதாபாத், 2025-ல் சென்னை 200 கோடி. மக்களிடம் ஓட்டு கேட்கும் வழக்கம் இங்கே இல்லை. மன்றத் தீர்மானமும் அரசின் அனுமதியும்தான். ஆனால் ஆமதாபாத்தைக் கவனியுங்கள். 100 கோடி திரட்ட அந்த மாநகராட்சி மாநில அரசின் உத்தரவாதம் கேட்கவில்லை; நகருக்குள் வரும் சரக்குக்கு வசூலித்த ஆக்ட்ராய் வரியை ஈடாகக் காட்டியது. வரியீட்டுக் கடனுக்கு அப்பழுக்கில்லாத உள்நாட்டு உதாரணம். சொல் அமெரிக்காவுக்கு மட்டும் தைத்த சட்டை இல்லை.

எதிர்ப்பு வராவிட்டால் பட்டியலில் இப்படி ஏற்றிவிடுகிறேன்:

வரியீட்டுக் கடன் – உள்ளாட்சியோ பள்ளி நிர்வாகமோ தன் வரி வசூலை ஈடாகக் காட்டிச் சந்தையில் வாங்கும் கடன். காகிதத்தைக் குறிக்க: வரியீட்டுப் பத்திரம்.
வருவாயீட்டுக் கடன் – வரியை அல்லாமல், சுங்கச்சாவடி, குடிநீர்க் கட்டணம் போன்ற குறிப்பிட்ட வருமானத்தை மட்டும் ஈடாகக் கொண்டது.
கடன் ஒப்புதல் வாக்கெடுப்பு – 'கருத்துக்கணிப்பு' என்று தயவுசெய்து எழுத வேண்டாம்.

ஒன்று பாக்கி. அங்கே பள்ளிகளை நடத்தும் அமைப்பு, தனியாகத் தேர்தல் நடத்தி உறுப்பினரைத் தேர்ந்தெடுத்துத் தானே வரி போடும் தனி ஆட்சி. அதைப் 'பள்ளி மாவட்டம்' என்று எழுதினால் கலெக்டர் ஆபீஸ் நினைவுக்கு வரும். 'கல்வி மாவட்டம்' நம் கல்வித் துறையிலேயே வேறு பொருளில் இருக்கிறது. 'பள்ளி ஆட்சிக்குழு' என்று டீச்சரம்மா தற்காலிகமாக எழுதியிருக்கிறார். எனக்கு அரைமனசுதான். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், இதிலேயே கலக்க வேண்டாம்.

அன்புடன்,
அரூரிலிருந்து