உலோக இடுப்பு மூட்டுக்கு மறு அறுவை சிகிச்சை: அனுபவமுள்ளவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். 2008-இல் என் அம்மாவுக்குப் பொருத்தப்பட்ட செயற்கை இடுப்பு மூட்டில் பந்து, கிண்ணம் இரண்டுமே கோபால்ட்-குரோமியம் கலந்த உலோகம் என்பதால், அவை உரசி உதிர்ந்த நுண்துகள்கள் சுற்றியுள்ள தசையைச் சிதைத்துவிட்டதாக மருத்துவர் கூறுகிறார். எக்ஸ்ரேயில் எல்லாம் சரியாகவே தெரிந்தது, எம்.ஆர்.ஐ. எடுத்த பிறகுதான் நீர் கோத்த வீக்கம் புலப்பட்டது. இரத்தத்தில் கோபால்ட் லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டினால் மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டும் என்பது பிரிட்டன் மருந்து, மருத்துவக் கருவி ஒழுங்குமுறை அமைப்பின் வழிகாட்டுதல். அம்மாவுக்கு அது 19. நாற்காலியைவிட்டு எழும்போதெல்லாம் தொடை இடுக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் எழுகிறார்.

பீங்கான் பந்தும் பாலிஎதிலீன் கிண்ணமும் வைத்து மறு அறுவை செய்துகொண்டவர்கள், குறிப்பாகத் தசை சிதைந்திருந்தவர்கள், மூட்டு நழுவும் சிக்கலை எப்படிச் சமாளித்தீர்கள்? தொடை எலும்புக்குள் இருக்கும் தண்டையும் மாற்றினார்களா? இத்தகைய மறு அறுவையில் தேர்ந்த மருத்துவர்கள் சென்னையிலோ வேலூரிலோ இருந்தால் தயவுசெய்து தெரிவியுங்கள்.