கேஷ்ங்கிற வார்த்தை நம்ம காசுல இருந்து போனதா?

பாம்பன்_கரை:
எல்லாருக்கும் வணக்கம். நான் பாம்பன்ல நண்டு கம்பெனி ஒண்ணுல கணக்கு எழுதுறேன். நேத்து காலைல எடை போட்டு முடிச்சதும் ஒரு அக்கா ஜிபே எல்லாம் வேணாம்ப்பா கேஷா குடுன்னாங்க, பக்கத்துல நின்ன பெரியவர் உடனே, அது என்ன கேஷு, நம்ம காசைத்தான் வெள்ளைக்காரன் எடுத்துட்டுப் போயி பேரை மாத்தி நமக்கே குடுத்தான்னாரு. வாட்ஸப்லயும் இது ரொம்ப நாளா சுத்துது. எம்மக ஒன்பதாவது படிக்கிறா, பேச்சுப்போட்டிக்கு தமிழ்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைகள்னு எழுதிட்டிருக்கா, அதுல இதைச் சேக்கலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மண்டபம்_டீச்சர்:
தம்பி, சேக்க வேணாம். அந்த அக்கா கேட்ட கேஷ் வேற. பிரெஞ்சுல கேஸ், இத்தாலில காசா, ரெண்டும் லத்தீன்ல காப்சாங்கிற சொல்லுல இருந்து வந்தது, அர்த்தம் பெட்டி. பணம் போட்டு வைக்கிற பெட்டிக்குத்தான் முதல்ல அந்தப் பேரு, அப்புறம் உள்ள இருக்கிற பணத்துக்கே பேராயிருச்சு. நம்ம கடைல கல்லால எவ்ளோ இருக்குன்னு கேக்குறோம்ல, கேக்குறது பெட்டியையா? பணத்தைத்தானே. அதே மாதிரிதான். சாமான் வைக்கிற கேஸ்னு சொல்றோமே அதுவும் இந்த காப்சா குடும்பம்தான்.

கீழக்கரை_காக்கா:
டீச்சர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், ஆனா சீனாவோட பழைய செப்புக் காசு, நடுவுல சதுர ஓட்டை போட்டு கயித்துல கோர்த்து வச்சிருப்பாங்களே, அதையும் இங்கிலீஷ்ல கேஷ்னுதானே சொல்றாங்க, அதுவும் பெட்டியில இருந்தா வந்துச்சு? நம்ம பெரியபட்டினத்துல தோண்டுனப்ப சீனப் பீங்கான் ஓடு அவ்வளவு கெடச்சுச்சே, சரக்கு வந்து போன கரை இது, வார்த்தை மட்டும் போகாதா?

மண்டபம்_டீச்சர்:
காக்கா, நல்ல இடத்துல பிடிச்சீங்க. அந்த கேஷ்தான் நம்மளது! இங்கிலீஷ்ல ஒரே எழுத்துக்கூட்டுல ரெண்டு தனி வார்த்தை இருக்கு. சீனாக்காரங்க அந்தக் காசை வென்னுதான் சொன்னாங்க. போர்ச்சுகீசியர் இந்தப் பக்கம் வந்து காசுங்கிற சொல்லைக் கேட்டு கைஷான்னு ஆக்கிக்கிட்டாங்க (கொங்கணியிலயும் இதே சொல் உண்டு), கிழக்க போற வழியில கண்ட சில்லறைக்கெல்லாம் அதே பேரை வச்சாங்க, இங்கிலீஷ்காரன் அவங்ககிட்ட இருந்து எடுத்துக்கிட்டான். போர்ச்சுகீசுல பெட்டிக்கும் கைஷாதான் பேரு, அதனாலதான் இவ்வளவு குழப்பம்.

இன்னொண்ணு. மெட்ராஸ்ல கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் கணக்கு 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் (தங்கக் காசு), 1818ல ரூபாய்க்கு மாறுற வரைக்கும் இதான். பணத்தை அவன் ஃபனம்னு எழுதுவான். அந்தக் காசை இங்கிலாந்துலயே அடிச்சு கப்பல்ல அனுப்புனாங்க, 1808னு வருஷம் போட்டு எக்ஸ் கேஷ், எக்ஸ் எக்ஸ் கேஷ், அதாவது ரோமன் எண்ணுல பத்துக் காசு, இருபது காசு. மெட்ராஸுக்கு அதை ஏத்திட்டுக் கிளம்புன அட்மிரல் கார்ட்னர்ங்கிற கப்பல் 1809 ஜனவரியில இங்கிலாந்துக் கரையிலயே மணல் திட்டுல மாட்டி மூழ்கிருச்சு, பின்னாடி கடலுக்கடியில இருந்து எடுத்த அந்தக் காசுகளை இன்னைக்கும் சேகரிக்கிறவங்க வச்சிருக்காங்க. நம்ம சொல்லு பொறிச்ச செம்பு அங்க கடல்ல கெடந்திருக்கு, நினைச்சா எனக்கு சிலிர்க்குது.

தொண்டி_மச்சான்:
பேச்சுலயும் வித்தியாசம் இருக்கு பாருங்க. ஜிபேல அனுப்பிட்டும் காசு போட்டுட்டேன்னுதான் சொல்றோம், கேஷ்னா மட்டும் கையில எண்ணிக் குடுக்கிற நோட்டு. பாப்பாவ கட்டுமரம் எழுதச் சொல்லுங்க, அதுதான் இங்கிலீஷ்ல கேட்டமரான்னு போச்சு, அதுல சந்தேகமே இல்ல.

பாம்பன்_கரை:
டீச்சர், காக்கா, மச்சான், ரொம்ப நன்றி. மக கட்டுமரத்தை மொதல்ல வச்சுட்டா, கேஷை எடுக்க மாட்டேங்கிறா, ரெண்டு கேஷ் இருக்குன்னே பேசப் போறேங்கிறா. பெரியவர்கிட்ட நாளைக்கு கரையில சொல்லணும், பாதி நீங்க சொன்னது சரிதான் அய்யான்னு.