மூன்று நாள் தக்காளி விலையை வைத்து இரண்டு மாதம் கழித்து வரும் விலையைச் சொல்ல முடியுமா?

காரிமங்கலம் விவசாயி:
அனைவருக்கும் வணக்கம். பாலக்கோடு சந்தைக்கு நான் கொண்டுபோன தக்காளி திங்கட்கிழமை கிலோ 18 ரூபாய்க்கும், செவ்வாய்க்கிழமை 21 ரூபாய்க்கும், நேற்று புதன்கிழமை 24 ரூபாய்க்கும் போனது. நாளுக்கு 3 ரூபாய் என்று ஒரே சீராக ஏறுவதால், இப்போது நாற்று நட்டால் முதல் பறிப்புக்கு வரும் 60 நாளில் கிலோ 200 ரூபாயைத் தாண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ராகிக்கு என்று வைத்திருந்த இரண்டு ஏக்கரையும் தக்காளிக்கு மாற்றிவிட்டு, சொட்டு நீர்க் குழாய்க்குக் கடன் வாங்கலாம் என்று இருக்கிறேன். 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டி, சென்னையில் அரசே நியாயவிலைக் கடைகளில் 60 ரூபாய்க்குத் தக்காளி விற்க வேண்டிய நிலை வந்ததை எல்லோரும் பார்த்தோம். ஆகவே நடக்காத ஒன்றை நான் சொல்லவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்கள்.

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:
தம்பி, கடன் வாங்குவதற்கு முன் எழுதினீர்களே, அதுவே நல்லது. உங்கள் கோடு சரியானது என்றால் அது முன்னால் போவதைப் போலவே பின்னாலும் போக வேண்டும். திங்கட்கிழமை 18 ரூபாய் என்றால் ஞாயிறு 15, சனி 12, வெள்ளி 9 என்று இறங்கி, போன வாரம் செவ்வாய்க்கிழமை தக்காளி விலை சுழியமாகிவிடுகிறது. அதற்கும் முந்தைய நாள் நீங்கள் தக்காளியையும் கொடுத்து, வாங்கியவருக்குக் கிலோவுக்கு 3 ரூபாய் கையிலிருந்தும் கொடுத்திருக்க வேண்டும். அப்படி நடந்திருந்தால் அதை இங்கே எழுதாமல் இருந்திருக்க மாட்டீர்கள். இதே கோட்டை முன்னால் ஓர் ஆண்டு நீட்டினால் கிலோ 1,119 ரூபாய் வருகிறது. மூன்றே புள்ளியை வைத்து வரைந்த, ஆறு நாள் பின்னால் போனாலே உண்மைக்கு ஒத்துவராத ஒரு கோட்டை அறுபது நாள் முன்னால் நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது?

பெரிய ஆராய்ச்சியாளர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. 2004இல் ‘நேச்சர்’ இதழில் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் சிலர், ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தில் வென்றவர்களின் நேரங்களை ஆணுக்கு ஒரு நேர்கோடு, பெண்ணுக்கு ஒரு நேர்கோடு என்று வரைந்து நீட்டி, 2156ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் பெண்கள் 8.079 வினாடியிலும் ஆண்கள் 8.098 வினாடியிலும் ஓடுவார்கள், பெண்கள் முந்திவிடுவார்கள் என்று எழுதினார்கள். அதே கோடுகளை இன்னும் கொஞ்சம் நீட்டினால் 2636 வாக்கில் ஓட்ட நேரம் சுழியத்துக்கும் கீழே போய்விடும் என்று புள்ளியியலாளர் கென்னத் ரைஸ் அதே இதழில் பதில் எழுதினார். துப்பாக்கி வெடிப்பதற்கு முன்பே ஓடி முடித்திருப்பார்கள் என்றுதான் அதற்குப் பொருள். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஓட்டத்தில் ஃப்ளோரன்ஸ் கிரிஃபித் ஜாய்னர் 10.54 வினாடியில் வென்றார். 36 ஆண்டு கழித்துப் பாரிஸில் வென்ற நேரம் 10.72. கோடு இறங்கிக்கொண்டே போகவில்லை.

ராயக்கோட்டை மண்டி:
ஆசிரியர் ஐயாவின் கணக்கில் பிழை இல்லை. ஆனால் அது கரும்பலகைக் கணக்கு. சந்தையில் நிற்பவனுக்கு நூறு ஆண்டுப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க நேரம் கிடையாது. நாற்று நடுகிறவர் எல்லோருமே இன்று தெரிந்ததை வைத்து நாளையைக் கணித்துத்தான் நடுகிறார்கள். அதைத் தவறு என்று சொன்னால் விவசாயமே செய்ய முடியாது. நம் சந்தையின் விலை தனியாக நிற்பதும் இல்லை. ஆந்திராவின் மதனப்பள்ளியிலும் கர்நாடகத்தின் கோலாரிலும் மழையால் செடி அடிபட்டால் அங்கே வாங்க வேண்டிய லாரி இங்கே வருகிறது, அதனால் விலை நான்கைந்து நாள் தொடர்ந்து ஏறுகிறது. காரணம் கையில் இருக்கும்போது மூன்று புள்ளி குறைவு என்று ஒதுக்குவது எப்படி நியாயமாகும்?

சந்தூர் மாந்தோப்பு:
மண்டி அண்ணன் சொல்வதைப் பாதிதான் ஏற்க முடிகிறது. எங்கள் பக்கத்துத் தோப்பை ஒருவர் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். அல்போன்சா மரங்கள் முதல் ஆண்டு 2 டன்னும் அடுத்த ஆண்டு 6 டன்னும் காய்த்திருந்தன. மும்மடங்கு ஏறியிருக்கிறது, அடுத்து 18 டன், அதற்கடுத்து 54 டன் என்று அவர் நோட்டில் எழுதிக் காட்டியதை நான் கண்ணால் பார்த்தேன். மரம் தாங்குமா என்று என் மாமியார் கேட்டதற்கு, மருந்தும் உரமும் கொடுத்தால் தாங்கும் என்று உறுதியாகச் சொன்னார். குத்தகைப் பணத்தில் பாதிகூட அவருக்குத் திரும்பவில்லை.

அல்போன்சா ஓர் ஆண்டு நிறையக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும் மரம். அறுவடை முடிந்ததும் கிளை நுனியைப் பாருங்கள்: காய் தொங்கிய பழைய காம்பு காய்ந்து கறுத்து நிற்கும், பக்கத்தில் துளிர் வந்திருக்காது. ஆடி ஆவணியில் துளிர்விட்டு முற்றிய நுனியில்தான் மார்கழி, தை மாதங்களில் பூ வரும். துளிரே வராத நுனியில் பூ எங்கிருந்து வரும்? அவர் வைத்திருந்த இரண்டு ஆண்டுக் கணக்கு ஏற்றத்தைக் காட்டவில்லை, அடுத்த ஆண்டு இறங்கும் என்பதைத்தான் காட்டியது. பெங்களூராவும் நீலமும் இந்த அளவுக்கு மாறி மாறிக் காய்ப்பதில்லை என்பதால், ஒரு ரகத்தின் கணக்கை இன்னொரு ரகத்துக்குப் போடவும் முடியாது.

காரிமங்கலம் விவசாயி:
அக்கா, மாமரத்துக்கு ஓய்வு ஆண்டு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். தக்காளிச் செடிக்கு அப்படி எதுவும் கிடையாதே! 2023இல் ஏறியதை ஆசிரியர் ஐயா கண்டுகொள்ளவே இல்லை. அந்த ஆண்டும் முதலில் இப்படித்தான் சிறிது சிறிதாக ஏறியது.

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:
கண்டுகொள்ளாமல் இல்லை தம்பி. 2023 என்றால் ஜூலை மட்டும் இல்லை, செப்டம்பரும் அதில் இருக்கிறது. ஜூலையில் 100 ரூபாயைத் தாண்டிய தக்காளி, செப்டம்பரில் பல சந்தைகளில் பறிப்புக் கூலிக்கே கட்டாத விலைக்கு இறங்கியது. அந்த இறக்கத்துக்குக் காரணமே முந்தைய ஏற்றம்தான். உங்கள் கையில் இருக்கும் மூன்று விலைகள் உங்களுக்கு மட்டும் தெரிந்த இரகசியம் அல்ல. சந்தைக்கு வந்த அத்தனை பேரும் அதே விலையைப் பார்த்து, அதே கோட்டை மனத்தில் போட்டு, அதே வாரத்தில் நாற்று நடுகிறார்கள். 60, 70 நாள் கழித்து அத்தனை பேருடைய தக்காளியும் ஒன்றாகச் சந்தையில் வந்து இறங்குகிறது. விலை ஏறும் என்ற நம்பிக்கையே விலையை இறக்கிவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கச் சுழலுக்குப் பொருளாதாரத்தில் 1930களிலேயே ‘சிலந்தி வலைக் கோட்பாடு’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். மாமரம் தானே ஓய்வெடுக்கிறது. தக்காளிக்கு அந்த ஓய்வை நாம் எல்லோரும் சேர்ந்து உண்டாக்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. நாளுக்கு ஓர் அடி நீர்மட்டம் ஏறுகிறது என்று தாளில் 80 அடி வரை எழுதலாம். 52ஐ எட்டியதும் வருகிற தண்ணீர் அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். விலைக்கும் ஒரு விளிம்பு உண்டு. ஓர் அளவுக்கு மேல் போனால் வீட்டில் ரசத்துக்குப் புளியோடு நிறுத்திக்கொள்வார்கள்.

ராயக்கோட்டை மண்டி:
விளிம்பு உண்டு என்பது சரி. ஆனால் புள்ளிகள் குறைவு என்பதுதான் நோய் என்று ஐயா முதலில் சொன்னதை இப்போதும் ஏற்க மாட்டேன். 1960இல் விஞ்ஞானி ஹெயின்ஸ் வான் ஃபோர்ஸ்டர் இருவரோடு சேர்ந்து ‘சயின்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையைப் பாருங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கை வைத்து, 2026 நவம்பர் 13, வெள்ளிக்கிழமை அன்று உலக மக்கள்தொகை எல்லையற்றதாகிவிடும் என்று வாய்பாடு போட்டார்கள். அவர்களிடம் தரவுக்கா பஞ்சம்? அதே 1960களில் மக்கள்தொகை வளர்ச்சி வேகம் ஆண்டுக்குச் சுமார் 2 விழுக்காட்டைத் தொட்டு, பிறகு இறங்கி, இப்போது 1 விழுக்காட்டுக்கும் கீழே இருக்கிறது. எத்தனை புள்ளி என்பதைவிட, எதனால் ஏறுகிறது, அந்தக் காரணம் எத்தனை நாள் நிற்கும் என்பதே கேள்வி. மதனப்பள்ளி மழை பத்து நாளைக்கு விலையைத் தாங்கும். அறுபது நாளைக்குத் தாங்காது. ஆகையால், இப்போது பறிப்பில் இருக்கும் தோட்டத்தை நன்றாகக் கவனித்துப் பத்து நாள் ஏற்றத்தைப் பிடியுங்கள் என்பேன். புது நடவைப் பற்றி இந்த மூன்று விலை எதையும் சொல்லாது.

சந்தூர் மாந்தோப்பு:
தம்பி, இரண்டு மாதம் கழித்து எவ்வளவு தக்காளி வரும் என்று தெரிய வேண்டுமானால் விலையைப் பார்க்காமல் நாற்றுப் பண்ணையைப் பாருங்கள். இன்று குழித்தட்டில் இருந்து வெளியே போகும் நாற்றுதான் அன்று சந்தைக்கு வரும் தக்காளி.

காரிமங்கலம் விவசாயி:
அக்கா சொன்ன பிறகு நாங்கள் வழக்கமாக வாங்கும் நாற்றுப் பண்ணைக்குப் போன் செய்தேன். இந்த வாரமும் அடுத்த வாரமும் தக்காளி நாற்று ஒன்றுகூட இல்லையாம், அத்தனையும் முன்பணம் கட்டி எடுத்துவிட்டார்களாம். இதைக் கேட்டபின் இரண்டு ஏக்கரையும் மாற்றும் துணிவு எனக்கு வரவில்லை. ஒரு துண்டு நிலத்தில் மட்டும் போடலாமா என்று யோசிக்கிறேன்.

பென்னாகரம் கணக்கு ஆசிரியர்:
நான் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. மாவட்டம் முழுவதும் நடுகிறார்கள் என்பது தெரிந்துவிட்டது. ராகியை மாற்றாதீர்கள்.

ராயக்கோட்டை மண்டி:
ஐயா பொறுத்துக்கொள்ள வேண்டும். மூன்று நாள் விலையை வைத்து இரண்டு மாதத்தைச் சொல்லக் கூடாது என்றால், ஒரு நாற்றுப் பண்ணையை வைத்து மாவட்டம் முழுவதையும் சொல்லக் கூடாது. அந்தப் பண்ணை இந்த முறை குறைவாக விதைத்திருக்கலாம், முளைப்பு சரியில்லாமல் போயிருக்கலாம், பெரிய விவசாயி ஒருவரே மொத்தமாக எடுத்திருக்கலாம். பாலக்கோடு, சூளகிரி, கெலமங்கலம், வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்த பண்ணையில் தக்காளி நாற்று இருக்கிறதா, எத்தனை நாள் காத்திருக்கச் சொல்கிறார்கள், போன மாதம் இதே நேரத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு இங்கே எழுதுங்கள். கோலார்ப் பக்கத்தில் உறவினர் இருப்பவர்கள் அங்கேயும் கேளுங்கள். அதுவரை தம்பி ஒரு துண்டு நிலத்துக்கும் முன்பணம் கட்ட வேண்டாம்.