ஆடிக்குப் பிறகு அழைப்பே இல்லை: நாடகத்தில் நிலைக்க முடியுமா?

கேட்டவர்: கடலோரத் தம்பி

எனக்கு வயது 24. சாயல்குடிக்குத் தெற்கே கடற்கரைக் கிராமம். இரண்டு வருடமாக ஸ்பெஷல் நாடகத்தில் (நிலையான குழு இல்லாமல், வெவ்வேறு ஊர்க் கலைஞர்கள் மேடையில் சேர்ந்து விடிய விடிய நடத்தும் நாடகம்) வள்ளி திருமணத்துக்கு முருகன் வேடம் கட்டுகிறேன். இந்தப் பங்குனி, சித்திரையில் மட்டும் 31 நாடகம். தூங்கியதெல்லாம் பஸ்ஸில்தான். ஆடி முடிந்ததிலிருந்து இந்தக் கார்த்திகை வரை இரண்டே தேதி. ஏஜென்டுக்குப் போன் செய்தால் "சொல்லி அனுப்புகிறேன்" என்கிறார். நாட்டுப்படகில் போகும் அப்பா என்னையும் கூப்பிடுகிறார். பெண் கேட்டுப் போன இடத்தில் நாடகக்காரன் என்றதும் காப்பித் தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். இதிலேயே இருந்து பிழைத்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பரமக்குடி ஸ்திரீபார்ட்

தம்பி, நான் 22 வருடமாக வள்ளி வேடம் கட்டுகிறேன். ஐப்பசி, கார்த்திகையில் தேதி வராததை உன் பாட்டின் குறையாக எடுத்துக்கொள்ளாதே. நம் மாவட்டம் நம்பியிருப்பது இந்த மழையைத்தான். திறந்த வெளியில் யார் மேடை போடுவார்கள்? ஊர்க்காரர்களின் பணம் நெல்லாகவும் மிளகாயாகவும் மண்ணுக்குள் கிடக்கிற நேரம். அறுவடை முடிந்தால்தான் கோயில் வரி பிரியும்.

2020 பங்குனியில் என் தேதி நோட்டில் 43 நாடகம் இருந்தது. மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவித்தார்கள். ஒவ்வொரு ஊராகப் போன் வர வர, நான் கோடு போட்டேன். கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டவர்கள் உண்டு. "இருக்கட்டும் தாயி, அடுத்த வருடம் வந்து ஆடு" என்றவர்களும் உண்டு. அடுத்த வருடமும் சித்திரையில் மறுபடி அடைத்துவிட்டார்கள். கழுத்தில் கிடந்தது அடகுக்குப் போனது. நானும் பபூன் (கோமாளி) வேடம் கட்டும் என் வீட்டுக்காரரும் உப்பளத்தில் கூலிக்கு நின்றோம். கால் வெடிப்பில் உப்புத் தண்ணீர் இறங்கும்போது என்னை அறியாமல், தினைப்புனத்தில் வள்ளி பறவை விரட்டும் ஆலோலம் பாடுவேன்; வலிக்கு அதுதான் மருந்தாக இருந்தது.

2022-ல் மறுபடி மேடை ஏறியது தொண்டிப் பக்கம் ஒரு மீனவக் கிராமத்தில். மேடைக்கு முப்பது அடியில் அலை. இரவு இரண்டு மணி இருக்கும். உப்புக்காற்று குடித்த ஆர்மோனியத்தில் ஒரு ரீடு சிக்கிக்கொண்டு ஒரே சுரத்தில் இழுத்தது. ஆர்மோனியக்காரர் துருத்தியை மூடிவிட்டார். மிருதங்கத்தை மட்டும் நம்பிப் பாடினேன். இரண்டு வருடம் பாடாத தொண்டை, நடு அடியில் நின்றுவிட்டது. முன்னால் மணலில் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, மடியில் தூங்கும் பிள்ளையைத் தட்டிக்கொண்டே, விட்ட அடியை எடுத்துக் கொடுத்தாள். வள்ளி திருமணத்தை எழுதிய சங்கரதாஸ் சுவாமிகள் மறைந்தது 1922-ல். நூறு வருடம் கழித்தும் அந்தப் பாட்டு அவள் வாயில் இருந்தது. அன்றைக்குப் பிறகு, விட்டுவிடலாமா என்று நான் யோசித்ததே இல்லை.

படகுக்குப் போ தம்பி, அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கொடுத்த தேதியைக் கூடுதல் பணத்துக்காக மாற்றாதே. சம்பளத்தை அன்றன்றைக்கே வாங்கி எழுதிவை. ஒரு ஏஜென்ட் என் இரண்டு சீசன் பாக்கியைப் பிடித்துக்கொண்டார். கேட்டதற்கு அடுத்த வருடம் நோட்டீஸில் என் படத்தையே போடவில்லை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் இந்த மழைக்காலத்திலேயே பதிந்துவிடு. சீசன் வந்தால் அலைய நேரம் இருக்காது. பெண் விஷயத்தில் அவசரப்படாதே. எங்களுக்கு வாடகைக்கு வீடு கிடைக்கவே ஒரு வருடம் ஆனது.

பதில்: விழாக் கமிட்டி, தேவிபட்டினம் பக்கம்

நாடகம் வைக்கிற ஊர்க்காரனாகச் சொல்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஆட்கள் எல்லாரும் கரையில் இருப்பார்கள், கையில் பணம் இருக்காது. அதனால் குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரிக்கும் தலைக்கட்டு வரியைப் பங்குனியிலேயே வாங்கி வைத்துவிடுவோம். இளைஞர்கள் ஆடல் பாடல் நிகழ்ச்சி கேட்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் கூட்டத்தில் சண்டைதான். பெரியவர்கள் நாடகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. ராஜபார்ட் (கதாநாயகன்) யார், ஸ்திரீபார்ட் (கதாநாயகி) யார் என்று கேட்டுத்தான் பேசி முடிப்போம். ஒரு முறை ராஜபார்ட் வராமல் போய், விடிய விடிய பபூனே சமாளித்தார். அந்த ராஜபார்ட்டைச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரும் அதன்பின் கூப்பிடவில்லை.

கேட்டவர்: கடலோரத் தம்பி

அக்கா, இரண்டு முறை படித்தேன். அப்பாவிடமும் வாசித்துக் காட்டினேன். நாளை விடியற்காலை படகுக்குப் போகிறேன். ஒரே பயம், கடல்காற்றில் தொண்டை கட்டிவிடுமோ என்பதுதான்.

பதில்: பரமக்குடி ஸ்திரீபார்ட்

காதையும் கழுத்தையும் துண்டால் சுற்றிக்கொள். கரைக்கு வந்ததும் மிளகும் பனங்கற்கண்டும் வாயில் அடக்கிக்கொள். படகில் கத்திப் பேசாதே. மாசி மாதக் குலதெய்வத் திருவிழாவான மாசிக் களரிக்குக் கமுதிப் பக்கம் இரண்டு ஊரில் முருகன் வேடத்துக்கு ஆள் கேட்டிருக்கிறார்கள். தை பிறந்ததும் உன் தேதி நோட்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா.