சந்தா பாக்கி என்று படுக்கையில் கிடக்கும் பெரியம்மா பெயரை சர்ச் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். கணக்குக் கேட்பது எப்படி?

கடைமடை:
தரங்கம்பாடிக்குப் பக்கத்துக் கிராமம். சபை பெயர் வேண்டாம். பெரியம்மாவுக்கு 84 வயது, இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து படுக்கைதான். பெரியப்பா இருந்தவரை சம்பா அறுத்தால் முதல் மூட்டை நெல் கோயிலுக்குத்தான் போகும். இப்போது ஐயர் (சபைப் போதகர்) எட்டிப் பார்ப்பதில்லை. ஈஸ்டருக்குத் திருவிருந்து (அப்பமும் ரசமும்) வீட்டில் வந்து கொடுக்கக் கேட்டு ஆள் அனுப்பினோம், "பார்க்கலாம்" என்றார்கள். கிறிஸ்துமஸ் கீதபவனி மட்டும் தவறாமல் வந்தது. வாசலில் இரண்டு பாட்டு, காணிக்கைக் கவர், கிளம்பிவிட்டார்கள். "ஜெபம் பண்ணாமலா போறாங்க?" என்று உள்ளே பெரியம்மா தலையைத் தூக்கப் பார்த்தார்.

இப்போது சபைத் தேர்தல் பட்டியலில் அவர் பெயரே இல்லை. சந்தா பாக்கியாம். மாதம் ஒரு ஞாயிறு முதியோர் நிதி என்று தனிப் பை எடுக்கிறார்களே, அது யாருக்குப் போகிறது என்று கேட்டேன். "ஊழியத்துல குறை காணாதீங்க தம்பி" என்றார் செயலாளர். அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு பூசணிக்காயை ஐயாயிரத்துக்கு எடுத்தவருக்குப் பொன்னாடை போர்த்த மட்டும் தெரிகிறது. சண்டை இல்லாமல் கணக்குக் கேட்க வழி உண்டா?

பழைய பொருளாளர், கும்பகோணம்:
எழுதிக் கொடுங்கள், அதுவும் பொதுக்கூட்டத்துக்கு முன்பே. அன்றைக்கு எழுந்து நின்றால் "அஜெண்டாவில் இல்லை" என்று உட்கார வைத்துவிடுவார்கள். முதியோர் நிதியில் வரவு எவ்வளவு, அதே தலைப்பில் செலவு எவ்வளவு, வவுச்சர் எங்கே என்று கேளுங்கள். நான் பார்த்தவரை இந்தப் பணம் பெரும்பாலும் யார் பாக்கெட்டுக்கும் போவதில்லை. பொதுக்கணக்கில் விழுந்து மைக் செட்டாகவும் பந்தல் வாடகையாகவும் கரைந்துவிடும். அதுவும் தப்புதான். விதவைகள் அன்றாட விசாரணையில் விடுபட்டார்கள் என்று முறுமுறுப்பு வந்தபோது அப்போஸ்தலர்கள் ஏழு பேரை நியமித்தார்கள், முறுமுறுத்தவர்களை அடக்கவில்லை. செயலாளருக்கு அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள்.

மன்னார்குடி டு அட்லாண்டா:
இங்கே பக்கத்து வீட்டுக்காரரோடு அவர்களுடைய கறுப்பினச் சபைக்கு அவ்வப்போது போவேன். வாராந்தரத் தாளில் நோயாளிகள், வீட்டோடு முடங்கியவர்கள் பெயர்ப் பட்டியல் இருக்கும். யாரைப் பார்க்க யார் போவது என்று டீக்கன்கள் (சபையின் உதவி ஊழியர்கள்) பிரித்துக்கொள்கிறார்கள்.

இதற்கு வேர் பழசு. 1787-ல் பிலடெல்பியாவில் கறுப்பினப் பிரசங்கிகள் ரிச்சர்ட் ஆலனும் அப்சலோம் ஜோன்ஸும் சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கம் தொடங்கினார்கள். மாதச் சந்தா ஒரு ஷில்லிங். அந்தப் பணமே கஷ்டப்படும் உறுப்பினருக்கும் விதவைக்கும் போனது. அங்கேயும் மூன்று மாதம் கட்டாவிட்டால் பெயரை எடுக்கலாம். ஆனால் அதற்கு முன் உறுப்பினர் இரண்டு பேர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும், தகுந்த காரணமும் இல்லாமல் இருக்க வேண்டும். உங்கள் பெரியம்மாவிடம் எந்த இரண்டு பேர் வந்து சொன்னார்கள்?

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். ஆலன் நிறுவிய ஏ.எம்.இ. (ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எப்பிஸ்கோப்பல்) சபையிலேயே போதகர்களின் ஓய்வூதிய நிதியில் சுமார் 9 கோடி டாலர் காணாமல் போனது 2021-ல் தெரியவந்தது. ஓய்வுபெற்ற போதகர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். சும்மா நம்பிக் கொடுத்தால் எங்கேயும் இதே கதிதான்.

வேதாரண்யம் பக்கத்து ஐயர்:
ஒரு வார்த்தை. எனக்குக் கீழே பல கிராமச் சபைகள், ஓடுவதோ ஒரு பைக். சில வீடுகள் விட்டுத்தான் போகிறது. ஆனால் திருவிருந்துக்கும் சந்தாவுக்கும் சம்பந்தமே கிடையாது. அப்படி யாராவது சொன்னால் நேராக மேலிடத்துக்கு எழுதுங்கள். அப்புறம், யார் யார் படுக்கையில் என்ற விவரம் எங்களுக்கு வந்து சேர்வதே இல்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்திடம் அந்தப் பட்டியலைக் கேளுங்கள். கமிட்டியை விட அவர்களுக்குத்தான் தெரியும்.

கடைமடை:
நன்றி ஐயா, நன்றி அண்ணே. யாரும் வந்து சொல்லவில்லை, நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டியதோடு சரி. சங்கத்து அக்கா ஒருவரிடம் கேட்டேன், எங்கள் தெருவிலேயே இப்படி இன்னும் நாலு பேர் பெயர் போயிருக்கிறதாம். ஐந்து பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கையில் கொடுத்து கையெழுத்து வாங்கவா, பதிவுத் தபாலா?

பழைய பொருளாளர், கும்பகோணம்:
இரண்டும். நகல் பேராயருக்கு.